பிறந்த வீட்டுக் கோடி

முத்துப்பேச்சியின் உடல்மேல் சேலையை விரிக்கப்போன சங்கையாவின் கையைப் பெரியமுத்து எட்டிப் பிடித்தார்.

"பொறும்வே. இது பொறந்த வீட்டுக் கோடி. ரத்தச் சொந்தம் போடணும். நீரு போட்டாச் செல்லாது."

பெரியமுத்து சமுதாயச் சங்கத்தின் மூணாறு கிளைத் தலைவர். கிளை என்பது அந்த எஸ்டேட்டின் இரண்டு லயங்கள், தொழிலாளர் வீட்டு வரிசைகள்தான். ஆனாலும் அவர் பேசும்போது எதிரே ஒரு மைதானம் இருப்பதாகவே பேசுவார்.

சங்கையா சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். சிவசங்கரி அம்மாவின் தலைமாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முத்துப்பேச்சியைக் கைக்குழந்தையாகப் பாலக்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு இல்லத்திலிருந்து எடுத்து வளர்த்தவர்களுக்கு, பிறகு பிறந்தவர் சங்கையா. சிவசங்கரி சமைந்தபோதும் கல்யாணத்தின்போதும் தாய்மாமன் சீர் கொண்டுவந்தது அவர்தான். அப்போதெல்லாம் யாரும் அவரிடம் ரத்தம் கேட்கவில்லை.

இப்போது கேட்க வைத்தது சிவசங்கரிதான். சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபின் அம்மா, "எனக்குன்னு கூடப்பொறந்தது ஒண்ணாவது இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள். அவளை ஜீப்பில் தூக்கி வைத்து, தத்து ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள் சிவசங்கரி. ரகசியம் காக்கப்படும் என்றார்கள். விலாசம் சரிபார்க்க வந்த போலீஸ்காரர் லயத்தில் வீடு வீடாக விசாரித்து அந்த ரகசியத்தைக் காத்தார்.

போன வாரம்தான் தகவல் வந்தது. ஒரு தம்பி இருக்கிறார். அக்காவைச் சந்திக்கச் சம்மதித்துவிட்டார். பேர், ஊர் தெரிய வேண்டுமென்றால் முத்துப்பேச்சி நேரில் வர வேண்டும். முத்துப்பேச்சியால் புரண்டு படுக்கவே முடியவில்லை.

சிவசங்கரி அடுப்படிப் பக்கம் போய் அந்த அலுவலக மேடத்துக்குப் போன் செய்தாள்.

"மேடம், அம்மா விடியக்காலம் போயிட்டாக."

"அய்யோ." மேடத்துக்கு மலையாளம் கலந்த தமிழ். "திங்களாழ்ச்ச கொண்டுவரச் சொல்லியிருந்தேனே மோளே."

"இனி எங்க கொண்டுவர? அவரு பேர மட்டும் சொல்லுங்க. கோடி போடணும்."

"அபேட்சை எழுதிக் கொடுத்த ஆளுக்கு மாத்திரமே சொல்லலாம். மகளுன்னாலும் சட்டத்துக்கு நீ வேற ஆளு." பிறகு குரல் தணிந்தது. "அவரு பேர உங்கிட்ட சொல்ல மாட்டேன். உன் வீட்ட அவருகிட்ட சொல்லிப் பாக்கறேன்."

காத்திருந்தார்கள். பனிமூட்டம் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. ரத்த பந்தத்தின் மகிமை குறித்துப் பெரியமுத்து உரையாற்றினார். சர்க்கரைக்காரர் ஆனதால், நடுவில் இரண்டு முறை பின்பக்கம் போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். யாரும் வரவில்லை. மத்தியானம் தாண்டியதும், மயானத்துக்குப் போகக் காத்திருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

சங்கையா வாசல் கல்லில், தூறலில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். சிவசங்கரி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, வாங்க. நீங்களே போடுங்க."

"தேடுன ஆளு வரட்டும்."

"மாமா..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே தாயி." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கேட்டிருந்தா நானும் கூட வந்து தேடியிருப்பேம்லா."

ஈரக் கல்லில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹாரன் மறுபடி அடித்தது.

"பெரியமுத்து வைவான்" என்றார்.

"வையட்டும்."

சங்கையா எழுந்து உள்ளே போனார். இந்த முறை யாரும் கையைப் பிடிக்கவில்லை. சேலையைக் கழுத்துவரை இழுத்து மூடி, பாதத்தருகே மடிப்பைச் சரிசெய்தார். "சங்கத்தின் சிறப்பு அனுமதியின் பேரில்..." என்று பெரியமுத்து அறிவித்தார்.

தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தகனம் முடித்து ஆண்கள் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது, டவுனிலிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. அதில் பெரியமுத்து ஆர்டர் கொடுத்திருந்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஜவுளிக்கடைப் பையோடு இறங்கினார்.

"ஏனுங்க, முத்துப்பேச்சி அக்கா ஊடு இதுங்களா? வடகரப்பதியில இருந்து வாறனுங்க. அப்புசாமி. காலைல ஆபீஸ்ல இருந்து போன் பண்ணுனாங்கொ." கழுவிய வாசலைப் பார்த்தார். "உடுமலைல பஸ்ஸே இல்லீங்க. எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு" என்றாள் சிவசங்கரி.

அவர் தலையாட்டினார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கை மாற்றிக்கொண்டார். "ஒருக்கா மொகம் பாத்துப்போடலாம்னு வந்தனுங்க."

எதிரே பிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெரியமுத்து ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். மேலே மாநில, மாவட்டத் தலைவர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புசாமி கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதுல அக்கா எதுங்க?"

சிவசங்கரி வாயைத் திறப்பதற்குள் சங்கையா முன்னால் போனார்.

"அந்தா, கீழ. ஓரத்துல."

அப்புசாமி குனிந்தார். தூறல் படிந்திருந்த அந்தச் சின்னப் படத்தைத் துண்டின் நுனியால் துடைத்தார். கீழ்க் கயிறு இன்னும் கட்டவில்லை. காற்றில் பிளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் பார்த்து முடிக்கும்வரை சங்கையா அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.