அகிமுந்தின் கேடயம்

செத்துப்போன அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு வித்திமர் ஊருக்குள் நுழைந்தபோது, எல்லார் கண்ணும் முதலில் போனது அவன் கையிலிருந்த கேடயத்துக்குத்தான். சண்டையில் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவனுக்கு எல்பே ஆற்றங்கரையில் எந்த ஊர்ச் சபையிலும் இடம் கிடையாது. பலி கொடுக்கும் தோப்புக்குள்ளும் அவன் கால் வைக்கக் கூடாது. அந்த அவமானம் தாங்காமல் நாண்டுகொண்டு செத்தவர்கள் உண்டு. வித்திமருக்கு அந்தக் கவலை இல்லை, கையில் கேடயம் இருந்தது. ஆனால் அது அண்ணன் அகிமுந்துடையது.

தன்னுடையதை அவன் சண்டையிலிருந்து ஓடி, ஒளிந்துகொள்ளக் கோரைப்புல்லுக்குள் பாயும்போதே கழற்றி ஆற்றில் எறிந்திருந்தான். எதிரிகள் போன பிறகு எழுந்து வந்து, அண்ணனின் விறைத்த கையிலிருந்து கேடயத்தை வாரோடு உருவிக்கொண்டான். அப்போது அண்ணன் முகத்தை அவன் பார்க்கவில்லை. இந்த லட்சணத்தில் ஊரே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது.

"செத்தவனோட கேடயம் எங்கடா?" என்றார் ஊர்த்தலைவர் ஹாத்வின்.

"ஆத்தோட போயிருக்கும், பெரியவரே."

"போயிருக்குமா? இல்ல, போட்டுட்டு ஓடினானா?"

வித்திமர் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் அம்மா அன்ஸா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இது பெரியவனோடது. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அம்மா..."

"பேசாத. செத்தவன் சபையில வந்து உக்காரப் போறதில்ல. இருக்கறவனாவது தலை நிமிந்து இருக்கட்டும்."

அவள் நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் சிதை எரிந்து அடங்கியது. அண்ணி ரதில்டா எலும்புகளைப் பொறுக்கிப் பானையில் போட்டாள். ஆண்பிள்ளையின் பானை என்றால், கேடயத்தின் நடுவிலிருக்கும் இரும்புக் குமிழைக் கல்லால் நசுக்கி எலும்பின்மேல் வைக்க வேண்டும். உயிரோடிருப்பவன் எவனும் இனி அதை எடுத்தாள முடியாது, செத்தவனோடு போய்ச் சேர்ந்துவிடும். அகிமுந்துக்கு வைக்க ஒன்றுமில்லை. அதனால் அவன் பானைக்கு, மானத்தோடு செத்தவர்களைப் புதைக்கும் கல்வரிசைக்கு வெளியே, ஓடிப்போனவர்களுக்கென்று ஒதுக்கிய மேட்டில்தான் இடம். குழியை வெட்ட வேண்டியது கூடப்பிறந்தவன்.

வித்திமர் வெட்டினான்.

"கரடி மாதிரி தம்பி. அவனுக்குப் போய் இப்படி ஒரு அண்ணன்!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

ரதில்டா பானையை இடுப்பில் அணைத்தபடி குழியோரம் வந்தாள். அழவில்லை.

"தம்பி, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. நாய் தோண்டிடும்." பிறகு குரலைத் தணித்தாள். "இவரு இப்படிப் பண்ணுவாருன்னு நான் நினைக்கவே இல்ல. உங்களையும் தலைகுனிய வெச்சுட்டாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அவனிடம் போய் அவள் மன்னிப்புக் கேட்கிறாள்! வித்திமர் மண்வெட்டியை வீசிவிட்டு, முதுகிலிருந்த கேடயத்தைக் கழற்றினான். குமிழைப் பிய்த்துப் பாறைமேல் வைத்து, கல்லை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தான். நசுங்கியதை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"இது அண்ணனோடது, அண்ணி. ஓடினது நான்."

யாரும் அவனை அடிக்கவில்லை, காறித் துப்பக்கூட இல்லை. ஹாத்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரதில்டா குமிழைப் பானைக்குள் வைத்து, அவனை ஏறிட்டும் பார்க்காமல் கல்வரிசையை நோக்கி நடந்தாள். ஊர் அவள் பின்னால் போயிற்று.

அன்ஸா மட்டும் நின்றாள். மண்டியிட்டு, வெட்டிய மண்ணை இரண்டு கையாலும் குழிக்குள் தள்ளத் தொடங்கினாள்.

"என்னம்மா பண்ற?"

"மூடிடறேண்டா. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள மூடிடறேன்."

வித்திமர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"விடும்மா. எனக்கு வெட்டினதுதான் அது."