பின்னால் தட்டிப் பார்ப்பவர்கள்

கேப்டன் தர்மராஜ் பீங்கான் கப்பை இடது கையில் தூக்கிப் பிடித்து, சின்ன மரக்குச்சியால் அதன் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். காதைக் கொஞ்சம் சாய்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்துப் பலகையில் வைத்தார். சூளையில் வெந்து இறங்கிய கப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தட்டும்போது சத்தம் செத்திருக்கும். நல்ல கப்பு என்றால் கணீரென்று இழுக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வைத்திருக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தர வேண்டியதில்லை. சின்ன வயதில் தர்மராஜ் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். அப்பா தட்டத் தட்ட, நல்லது, போனது என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒன்றுகூடத் தப்பாது. பையனுக்குப் பாம்புக் காது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்தார். அந்தப் பெருமையை இந்த அறுபத்து நாலு வயது வரைக்கும் அவர் கீழே இறக்கி வைக்கவில்லை.

கம்பெனியை இப்போது நடத்துவது தம்பி நந்தகுமார். அண்ணன் லீவில் வந்தால் தரம் பிரிக்கும் மேசைக்கு முன்னால் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று தானாக வந்துவிடும். வேலை செய்யும் பெண்கள் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தர்மராஜுக்குச் சென்னை ஃப்ளாட்டில் இருப்புக் கொள்வதில்லை. லீவு கிடைத்தால் நேராக இங்கே வந்து, குளித்து, சாப்பிட்டு, கப்பு தட்ட உட்கார்ந்துவிடுவார். தம்பிக்கு ஒத்தாசை செய்வதாக நினைப்பு. உலகம் பூரா விமானம் ஓட்டுகிற மனுஷன் நம்ம ஊர்ப் பட்டறையில் உட்கார்ந்து கப்பு தட்டுகிறாரே என்று பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடு அவருக்குப் பிடிக்கும். இல்லை என்று அவரே சொன்னாலும் நம்பக் கூடாது.

விமானியை அறுபத்தைந்தில் சட்டமே இறக்கிவிட்டுவிடும். அதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. கூடப் பயிற்சி எடுத்த சேரன் அறுபதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது காலையில் நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறார், அல்லது அது அவரை இழுத்துக்கொண்டு நடக்கிறது. சேரன் பேச்சு வந்தாலே தர்மராஜுக்கு ஒரு சிரிப்பு வரும். "எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல," என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறார், இழவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். சொன்னபடியே ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்த முறை வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் மரியாதையே இல்லை என்பதெல்லாம் சும்மா என்று பேச்சை ஆரம்பித்தார். அவருடன் அடிக்கடி பறக்கும் துணை விமானி தமிழ்ச்செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து பணிப்பெண் கூப்பிட்டால் அவர் கை நகருவதற்குள் அவன் போனை எடுத்துவிடுவான். எச்சரிக்கை மணி அடித்தால் இவர் திரும்புவதற்குள் அணைத்துவிட்டு, "பாத்துட்டேன் சார்" என்பான். ஒரு வேலை வைக்க மாட்டான், அவ்வளவு மரியாதை. நந்தகுமார் இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் மனைவி அன்புக்கரசி, ரசம் எதிரிலேயே இருக்க, ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். குக்கர் விசில் இப்போதெல்லாம் முன்னே மாதிரி அடிப்பதில்லை, மட்டமாகச் செய்கிறான்கள் என்று தர்மராஜ் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை சென்னையில் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. அறுபது தாண்டிய விமானிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது உண்டு. கண்ணும் ரத்தமும் இதயமும் அவரைப் பயப்படுத்தியதில்லை. காது சோதிக்கும் கண்ணாடி அறை மட்டும் சங்கடம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். போன முறை ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தார். வெளியே மெஷின் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் கை, அவளுக்கு எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது. அவள் விரல் இறங்கும்போதெல்லாம் இவர் பொத்தானை அமுக்கினார். பாஸ். அதற்கு அவர் மனதுக்குள் ஏமாற்று என்று பெயர் வைக்கவில்லை. அனுபவம் என்று வைத்துக்கொண்டார். மெஷின்தான் பழசு என்றும் ஒரு சமாதானம் கூடவே இருந்தது.

அந்தப் பரிசோதனை முடிந்தால் வெள்ளிக்கிழமை டெல்லி விமானம். அதில் நந்தகுமாரின் மகள் வெண்பா கைக்குழந்தையோடு வருகிறாள். புருஷன் டெல்லியில் வேலை பார்க்கிறான், பிரசவம் முடிந்து திரும்பிப் போகிறாள். பெரியப்பா ஓட்டுகிற விமானத்தில்தான் பேத்தியின் முதல் பயணம் என்று அவரே அலுவலகத்தில் பேசி அந்த நாளை வாங்கியிருந்தார். மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. என் பேத்தி இன்று நம்முடன் பறக்கிறாள், அவளுக்கு ஒரு கைதட்டல். தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். பிள்ளை குட்டி இல்லாத மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய வாக்கியம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து கிளம்பி, பாதி வழியில், படிக்கப் போடும் மூக்குக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டது நினைவு வந்து திரும்பினார். வேலைக்காரர்கள் போயிருந்தார்கள். உள்ளே டியூப்லைட் எரிந்தது. அவருடைய நாற்காலியில் அன்புக்கரசி உட்கார்ந்திருந்தாள். அவர் தட்டித் தேர்ந்து வைத்த பலகை அவள் மடிக்கு நேரே இருந்தது. ஒரு கப்பை எடுத்தாள், தட்டினாள், பலகையிலேயே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், தட்டினாள், கழிவுக் கூடையில் போட்டாள். அதற்கடுத்ததையும் கூடையில் போட்டாள். நந்தகுமார் பக்கத்தில் நின்று அடுத்த பலகையை இறக்கிக்கொண்டிருந்தான். கூடையில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அவ்வளவும் அவர் காதைச் சாய்த்து, தலையாட்டி, நல்லது என்று வைத்தவை.

அவரைப் பார்த்ததும் நந்தகுமார் பலகையைக் கீழே வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்தான். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. எவ்வளவு நாளாக என்று தர்மராஜ் கேட்டார். ரெண்டு வருஷம் இருக்கும் என்றான் தம்பி.

"உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதாண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

தர்மராஜ் ஒரு கப்பை எடுத்துத் தட்டினார். கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினார். இரண்டும் அவருக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. ஏதாவது பேசி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே என்று, சரி, சரி, கப்புதானே, வெள்ளிக்கிழமை வெண்பாவை ஏற்றிவிட எத்தனை மணிக்குக் கார் சொல்லியிருக்கிறது என்று கேட்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை போதும் என்று இருந்தது அவருக்கு. ஆனாலும் தம்பி வாயால் சொல்லட்டும் என்று நின்றார்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டோம்ணே," என்றான் நந்தகுமார். "கொழந்தைக்குக் காது வலிக்கும்னு... ரயில்ல போறா. புதன்கெழம."

அவர் தூக்கி வளர்த்த தம்பி. அவர் அனுப்பிய பையையும் சட்டையையும் போட்டுக்கொண்டு படித்தவன். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய முடியாதவருக்குக் கையில் கிடைத்தது ஒரு கேள்விதான்.

"ஒம் பொண்ண எறக்கிட்ட. அப்ப மீதி நூத்தி எம்பது பேரு?"

அந்த நூற்று எண்பது பேர்மேல் அவருக்கு அந்த நிமிஷம் வரைக்கும் பெரிய கவலை இருந்ததாகச் சொல்ல முடியாது. தம்பியைக் குத்துவதற்கு ஒரு முள் தேவைப்பட்டது, எடுத்தார். குத்தியதும்தான் அது தன் விரலிலும் ஏறியிருப்பது தெரிந்தது.

நந்தகுமார் கூடையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினான். "அவங்க யாரு என்னன்னு நமக்குத் தெரியாதில்லண்ணே," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது என்னவோ மாதிரி இருந்திருக்க வேண்டும். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சூளைப் பக்கம் போய்விட்டான்.

அன்புக்கரசி எழுந்திருக்கவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மூத்தாருக்கு எதிரே உட்கார்ந்து அவள் பேசியதில்லை. இன்றைக்கு மடியில் கப்பை வைத்துக்கொண்டே பேசினாள்.

"இங்க நீங்க தட்டினத நான் மறுக்கா தட்டிடறேன் மாமா. அங்க ஒங்களுக்குப் பின்னாடி யாரு தட்டிப் பாக்கறாங்க?"

பதில் அவருக்குத் தெரிந்தது. போனை முந்தி எடுக்கிற கை, மணியை முந்தி அணைக்கிற கை, பாத்துட்டேன் சார். ராத்திரி இலைக்கு முன்னால் உட்கார்ந்து மரியாதை மரியாதை என்று தானே பெருமையாக எடுத்து வைத்தவை. மூக்குக் கண்ணாடியை எடுக்காமலே வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் நின்று தமிழ்ச்செல்வனுக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. நீ போனை எடுக்கிறது மரியாதைக்கா, இல்லை, அது அடிக்கிறது எனக்குக் கேட்கவில்லை என்பதாலா என்று கேட்டார். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார், போகவில்லை. மறுபடி காதில் வைத்தார்.

"மரியாதைதான் சார்," என்றான் பையன்.

அந்த இடைவெளியைவிடத் தெளிவாக அவருக்கு இந்த இரண்டு வருஷத்தில் எதுவும் கேட்டதில்லை. நல்லது என்று சொல்லிப் போனை வைத்தார். கீழே முற்றத்தில் வெண்பா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா இறங்கி வருவதைப் பார்த்ததும் துண்டைச் சுற்றிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. எவ்வளவு சத்தமாக அழுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மதியமே சென்னைக்குக் கிளம்பினார். யாரும் இன்னொரு நாள் இருங்கள் என்று சொல்லவில்லை. வழியில் ஒரு பாலம் தாண்டும்போது டிரைவர் எதையோ கேட்டான். இவர் ஆமாம் என்றார். அவன் கேட்டது ஆமாம் என்று சொல்லக்கூடிய கேள்விதானா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அதே கண்ணாடி அறை. அதே பெண். போன முறையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஹெட்போனை மாட்டிவிட்டுச் சிரித்தாள். "செல பேரு கண்ண மூடிக்குவாங்க சார். அப்பதான் நல்லா கேக்குதும்பாங்க. உங்க இஷ்டம்." கதவைச் சாத்திவிட்டுப் போய் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அலமாரிக் கண்ணாடி நன்றாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் வந்த தடித்த சத்தங்கள் கேட்டன, அமுக்கினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. எட்டு மாதம், என்று நினைத்தார். டெல்லி விமானத்தில் வெண்பாவின் இடம் காலியாக இருக்காது, வேறு யாராவது வாங்கியிருப்பார்கள் என்றும் நினைத்தார். யாரோ, யார் என்னவென்று தெரியாதவர்கள். அவர்களிடமும் ஒரு கைக்குழந்தை இருக்கலாம்.

கண்ணாடியில் அவள் விரல் மெல்ல இறங்கியது. எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அவர் இன்னும் கண்ணை மூடவில்லை.