சிலருக்குச் சொல்கிறேன்

என் தங்கை புருஷனோடு நான் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருவரும் மலைமேல் இருக்கும் குவாரியிலிருந்து கல் இறக்கும் லாரி ஓட்டுகிறோம். ஐம்பது கிலோமீட்டர் பாதையில் கைபேசியை எடுத்தால் மணி பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் எல்லா வண்டியிலும் வாக்கிடாக்கி உண்டு. அதுவும் இரண்டு மூன்று வளைவுக்கு மேல் எட்டாது. அவசரச் செய்தி என்றால் ஒரு வண்டி அடுத்த வண்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு, ஒரு சொல் கூடாமல் குறையாமல். கேட்டவர் "வாங்கிட்டேன்" என்கிறவரை செய்தி சொன்னவர் தலையில்தான் இருக்கும். எங்களில் ஆயிரம் அயோக்கியத்தனம் உண்டு. இதில் மட்டும் யாரும் ஏமாற்றியதில்லை. என்னைத் தவிர.

எங்கள் பேச்சு நின்றது ஒரு சுவரால். தங்கை வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தேன், அவர்கள் சுற்றுச்சுவர் விழுந்தது. புதுச் சுவர், என்ன சிமெண்டு போட்டார்களோ. மாப்பிள்ளை அத்தனை பேர் முன்னால், "மச்சானுக்கு எதுக்கு ஸ்டியரிங்கு? ஒரு விசில் குடுத்து கீழ நிக்க வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து வாக்கிடாக்கியில் காற்றைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். "சிலருக்குச் சொல்றேன், வண்டிய எப்பவாவது கழுவினா ஒண்ணும் கொறஞ்சுடாது." அந்தப் பக்கமிருந்தும் காற்றுக்குப் பதில் வரும். "சிலர் வர்றாங்களாம், சுவரெல்லாம் ஒதுங்கி நில்லுங்க." போன மாதம் நான் ஒருபடி மேலே போய், "அவசரம், அவசரம், சிலரோட பின்சக்கரம் தனியா ஊருக்குப் போகுது" என்றேன். மனுஷர் பதறி நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தாராம். மூன்று நாள் சிரித்தேன். "அவசரத்துல விளையாடாதீங்கண்ணே" என்று குவாரிக்குத் தண்ணி லாரி ஓட்டும் அம்மா கண்டித்தார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

நேற்றுக் காலை அதே அம்மாவின் குரல் எனக்குப் பின்னால் வந்த தண்ணி லாரியிலிருந்து வாக்கிடாக்கியில் வந்தது. "அண்ணே, அவசரம். மேல ஷெட்லேருந்து மெக்கானிக் சொன்னது. உங்க மாப்ள வண்டில எடது பின்சக்கரத்து நட்டெல்லாம் கையால மட்டும்தான் மாட்டியிருக்கு. பெரிய ஸ்பேனர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சு. அவருக்குப் பின்னால நீங்கதான் இருக்கீங்க."

"வாங்கிட்டேன்" என்றேன். மாப்பிள்ளை இரண்டு வளைவு முன்னால். இன்னும் நாலு கிலோமீட்டரில் பெரிய இறக்கம். எதிரில் ஒரு வண்டியும் இல்லை. முழுப் பாரத்தோடு விரட்டிப் பிடிக்க என் லாரியால் ஆகாது.

மைக்கை எடுத்தேன். அப்போதும் வாயில் வந்தது பழக்கதோஷம்தான். "சிலருக்குச் சொல்றேன். அவசரம். எடது பின்சக்கரத்து நட்டு முடுக்கல. வண்டிய நிறுத்தணும்."

"சிலருக்குப் போன மாசத்துச் சிரிப்பே இன்னும் அடங்கல போல."

"நெசமாத்தான்! மெக்கானிக் சொல்லி அனுப்பினது!"

"ஆமாமா, அவரும் சிலரோட கூட்டாளிதானே."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஹாரனை அழுத்திப் பிடித்தேன். அதையும் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். தங்கையின் முகம் கண்ணில் வந்து நின்றது. அதில் சிரிப்பு இல்லை.

"மாப்ளே" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "மாப்ளே, நில்லுங்க. உங்க சுவத்த இடிச்சது நாந்தான். சிமெண்டு நல்ல சிமெண்டுதான். எனக்கு ரிவர்ஸ் வராது, என்னைக்குமே வந்ததில்ல. கால்ல விழறேன், நில்லுங்க மாப்ளே."

ஒரு வளைவு. இன்னொன்று. மூன்றாவதைத் திரும்பினால், இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவர் லாரி ஓரம் கட்டி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நட்டு ஏற்கெனவே எங்கேயோ விழுந்திருந்தன. மூன்றாவதை அவர் விரலால் சுழற்றினார். அது பாட்டில் மூடிபோலக் கையோடு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பவில்லை. நான் என் பெரிய ஸ்பேனரை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

அப்போது என் வண்டிக்குள்ளிருந்து தண்ணி லாரிக்காரம்மாவின் குரல் கேட்டது. "அண்ணே, நீங்க கடைசியா சொன்னத அப்படியே மேல அனுப்பிட்டேன். சுவர், சிமெண்டு, ரிவர்ஸ் எல்லாம். அவசரம்னுதானே ஆரம்பிச்சீங்க? ஷெட்ல வாங்கிட்டாங்க, குவாரிலயும் வாங்கிட்டாங்க. உங்க மாப்ள வாங்கிட்டாரான்னு எல்லாரும் கேக்கறாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டை இறுக முடுக்கிவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

"வாங்கிட்டேன் மச்சான்" என்றார்.