இருநூறு வாட் எங்கே போகிறது?

லக்ஷ்மிபாய் நகரில் காலை ஏழு மணிக்குப் போன கரண்ட் ஏழரை ஆகியும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக் தெரியாத அளவுக்கு வடநாட்டுப் பனி.

கட்டிலில் கஸ்தூரிரங்கன். மூக்கில் குழாய். நுரையீரல் பழுதான அவருக்கு மூச்சு கொடுக்கும் ஆக்ஸிஜன் மெஷின் இன்வெர்டர் தயவில் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகள் சிந்து போனைக் கீழே வைத்தாள்.

"சிலிண்டர் வண்டி பனியில மாட்டிண்டிருக்காம்மா. ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். ஆம்புலன்ஸ்காரனும் அதையேதான் சொல்றான்."

"இன்வெர்டர் தாங்குமோல்லியோ?" மாமியார் ருக்கு கேட்டாள்.

மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயர் சிந்து. பையிலிருந்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்து, அதன் வாயை இன்வெர்டரிலிருந்து வரும் வயரில் கவ்வவைத்தாள். 2.4 ஆம்பியர். வோல்டேஜ் 230. இரண்டையும் பெருக்கினாள். ஐந்நூற்றைம்பத்திரண்டு வாட்!

பழைய பேட்டரி. அரை மணி ஓடியது போக, இனி அறுநூறு வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்தான் தாங்கும். இப்போது இழுக்கிற வேகத்தில் அறுபத்தைந்து நிமிஷம்.

வண்டி வரத் தொண்ணூறு நிமிஷம்.

"அம்மா, மெஷின் முந்நூற்றைம்பது வாட்தான். மிச்சம் இருநூறு எங்க போறது?"

"ஃப்ரிட்ஜ், டி.வி. எல்லாம் பிடுங்கியாச்சு. சத்தியமா!"

சிந்து மீட்டரையே பார்த்தாள். ஃப்ரிட்ஜ் மாதிரி மோட்டார் என்றால் எண் ஏறி இறங்கும். இது அசையவே இல்லை. மெஷின் எடுப்பது 1.52 ஆம்பியர். மிச்சம் 0.88. வோல்டேஜை அதால் வகுத்தாள். இருநூற்று அறுபத்தொரு ஓம் மின்தடை.

ரூம் ஹீட்டர் என்றால் முப்பது ஓம்கூட இருக்காது. போன் சார்ஜர் இவ்வளவு இழுக்காது. இந்தக் கணக்குக்குச் சரியாக வருவது ஒன்றே ஒன்று. பெரிய குண்டு பல்பு.

ஆனால் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லையே!

"அம்மா... எங்கயாவது பல்பு எரியறதா?"

ருக்குவின் கண் மூலையிலிருந்த மர அலமாரிப் பக்கம் போய் வந்தது.

சிந்து பாய்ந்து கதவைத் திறந்தாள். முகத்தில் அனல் அடித்தது. மூடி போட்ட மாவுப் பாத்திரம். அதன் பக்கத்தில் தகதகவென்று இருநூறு வாட் பல்பு.

"ஜனவரியில மாவு பொங்க வேண்டாமா? பல்பு வெக்கலேன்னா அப்படியே கல்லாட்டம் கிடக்கும். பத்து நாளைக்கப்புறம் நேத்துதான் வாயைத் திறந்து இட்லி கேட்டார்டி."

"மர அலமாரிக்குள்ள பல்பு வெக்காதேங்கோன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"அதனாலதான் உங்கிட்ட சொல்லலை. வெறும் பல்புதானேன்னு..."

சிந்து பல்பின் ஸ்விட்சைத் தட்டி அணைத்தாள். மீட்டரில் 1.52. முந்நூற்றைம்பது வாட். நூறு நிமிஷம் தாங்கும். பத்தே பத்து நிமிஷம்தான் உபரி.

கட்டிலிலிருந்து மெல்லிய குரல். "அவளைத் திட்டாதேம்மா. குத்தவாளி நான்தான்."

"நீங்க பேசாம மூச்சு விடுங்கோப்பா!"

ஒன்பது மணி. வண்டி இல்லை. ஒன்பது ஐந்து. இன்வெர்டரில் சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது. ஒன்பது ஏழுக்கு மாடிப்படியில் இரும்பு இடிக்கும் சத்தம்.

"ஹட்டோ, ஹட்டோ! ஜல்தி!"

வழிவிடச் சொல்லிக் கத்தியபடி சிலிண்டரோடு ஆள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தான். சிந்து குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டினாள். வந்தவன் வால்வைத் திருகினான். சிலிண்டர் மீட்டரின் முள் ஏறியது.

பின்னால் இன்வெர்டர் நீளமாக ஒருமுறை அலறிவிட்டு அடங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரும் கஸ்தூரிரங்கனின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.