அலுமினியத் தாளில் எழுதியது

பாஸ்தாவை முழுசாக வேகவிடக் கூடாது. இன்றைக்குச் செய்து நாளைக்கு ஓவனில் வைப்பதென்றால், கடித்தால் நடுவில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே இறக்கி வடித்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க சாஸைக் குடித்துக்கொண்டு கிடக்கப் போகிறது. சாஸும் தளரத்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலையை விட்டு ஏழு வாரம். அக்கா வீட்டில் தண்டமாகக் கிடப்பவனுக்குச் சமையலறைதான் கதி. உடம்பு மட்டும் இன்னும் நைட் ஷிப்டை விடவில்லை. காலை பதினொரு மணிக்கே கண் எரிகிறது.

"நாளைக்குச் சாப்பிட வர்றது யாருன்னே சொல்லல நீ," என்றேன்.

அக்கா சீஸ் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"உன் சூப்பர்வைசரும் அவரு வீட்டுக்காரம்மாவும்."

வடிகட்டியிலிருந்து ஆவி முகத்தில் அடித்தது. நான் நகரவில்லை.

"அந்தாள எவன் கூப்பிட்டான்?"

"நான்தான். கத்தாம கேளு. திரும்ப எடுத்துக்கறேங்கறாரு. பகல் ஷிப்டு. அந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சாப்பிட வரும்போது எடுத்துட்டு வரேன்னாரு."

அட்டைப்பெட்டி வெட்டும் மெஷினில், என்னோடு நைட் ஷிப்டில் இருந்த மொட்டைக்கு இரண்டு விரல் போனபோது பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். அவன் தூங்கி வழிந்து கையை உள்ளே விட்டதாக, சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டிய அந்தப் பேப்பர் சொல்கிறது. அவன் தூங்கவில்லை. மாமியார் வாங்கிக் கொடுத்த சட்டை தொப்பைக்கு மேலேயே நிற்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். வேகம் பத்தவில்லை, பிளேடுக்கு முன்னால் இருக்கிற தடுப்பைக் கழற்று என்று சொன்னது சூப்பர்வைசர். ஸ்பானரை எடுத்துக் கழற்றியது நான்.

"தூங்கினான்னு எழுதிட்டா அவனுக்கு எவன்க்கா வேலை கொடுப்பான்?"

"உனக்கு மட்டும் எவன் கொடுக்கறான்? ஏழு வாரமா பாக்கறேன்ல. பெரிய நியாயஸ்தன். பகல் பூரா போர்வைக்குள்ள." துருவியை சிங்க்கில் போட்டாள். குரல் இறங்கியது. "நான் செத்தா உனக்கு யாருடா சோறு போடுவா?"

வடிகட்டியை ஓங்கிக் குலுக்கினேன்.

"டூட்டிக்குப் போறேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சு வை. மேல எழுதிடு."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஓவன் தட்டில் ஒரு அடுக்கு சாஸ், ஒரு அடுக்கு பாஸ்தா. கரண்டியை ஓங்கி ஓங்கி வைத்ததில் சுவரெல்லாம் சிவப்பு. அந்த ஆள் இதைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்பான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு பேனாவை நீட்டுவான். குப்பையில் கொட்டிவிடலாம் என்று தூக்கினேன். கொட்டினால் அவள் இன்னொன்று செய்வாள். அவளை எனக்குத் தெரியும். கீழே வைத்து, சீஸைத் தூவி, அலுமினியத் தாளால் இழுத்து மூடினேன்.

அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் எது போனாலும் மேலே எழுத வேண்டும். என்ன பண்டம், எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், செய்தது யார். மார்க்கரை எடுத்தேன்.

'அவன் தூங்கவில்லை. தடுப்பைக் கழற்றச் சொன்னது சூப்பர்வைசர். கழற்றியது நான்.'

நான்காவது வார்த்தையிலேயே தாள் கிழிந்தது. பக்கத்தில் தள்ளி எழுதினேன். கீழே முழுப் பெயர், தேதி, கையெழுத்து.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாட்டில் பக்கம் போன கை பாதியில் நின்றது. உள்விளக்கின் வெள்ளை வெளிச்சம் தாளில் பட்டு அவள் கழுத்தில் அசைந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு அசைந்தது. கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் கத்தும். கத்த ஆரம்பித்தது. அவள் மூடவில்லை.