பொழுது சாய்வதற்குள் ஒரு சீனப் படம்

ஞாயிற்றுக்கிழமையில் ஆபீஸ் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவனுக்கு நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சாந்திகுமார் கொட்டகையின் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

திரையில் ஒல்லியான சீனன் ஒருவன் பத்துப் பேரைத் துவைத்துக்கொண்டிருந்தான். நடிகன் பேர் தெரியாது, பாஷையும் புரியாது. இன்றைக்கு விட்டால் படப்பெட்டி வேலூருக்குப் போய்விடும், அப்புறம் ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது. ஆபீசரைக் கண்டாலே நடுங்குகிறவனுக்கு, பயமே தெரியாத ஒருத்தனைப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை.

ஆனால் அவன் சமணக் குடும்பம். கூடவே இருக்கும் மாமனார் வர்த்தமானன் எறும்பைக் கண்டால் சுற்றிப் போகிறவர். மாப்பிள்ளை காசு கொடுத்து விலா எலும்பு முறிவதைப் பார்க்கிறான் என்று தெரிந்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? போதாததற்கு, பொழுது சாய்ந்தால், இருட்டில் பூச்சி புழு சாகுமென்று அந்த வீட்டில் யாரும் எதையும் வாயில் போடமாட்டார்கள். அதற்குள் போய்ச் சாப்பிட உட்காராவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

பாழாய்ப்போன கரண்டு நடுவில் ஒரு மணி நேரம் நின்று தொலைத்தது. மறுபடி படம் ஓடியபோது தகரக் கூரை ஓட்டையில் வெயில் மஞ்சளாகியிருந்தது. கிளம்ப எழுந்தான். அப்போது பார்த்துக் கடைசிச் சண்டை ஆரம்பித்தது. கால் நகரவில்லை. கை பாட்டுக்கு வேர்க்கடலைப் பொட்டலத்தைத் துழாவி, மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டையில் வெளிச்சம் அணைந்தது. கை நிற்கவில்லை.

சைக்கிளை விழுந்தடித்து மிதித்து வந்தான். வீட்டு வாசலில் மாமனார் வேர்த்து நின்றார். ஆபீஸ் பூட்டிக் கிடந்ததாம். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி எல்லாம் தேடியிருக்கிறார். கடைசியில் கொட்டகை வாசலில் சைக்கிளைப் பார்த்தாராம்.

"படம் முடிஞ்சுதுங்களா, மாப்ளே?" என்று மட்டும் கேட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. சாந்திகுமார் சைக்கிளைச் சாத்திவிட்டு நடையேறினான்.

உள்ளே ஐந்து வயது மகள் சுனந்தா பாயில் சுருண்டு கிடந்தாள். மூன்று நாள் காய்ச்சல் விட்டு இன்றைக்குத்தான் பசி என்றிருந்தாள். அப்பா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று தெருவையே பார்த்திருந்தாளாம். இருட்டிய பிறகு, உடம்பு முடியாத குழந்தை சாப்பிடலாம் என்று மனைவி ஜெயமதி கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லையாம்.

நெற்றியைத் தொட்டான். மறுபடி சுட்டது.

குழந்தை கண் திறந்தது. "பொழுது போயிடுச்சேப்பா. நீயும் சாப்பிடலையா?"

அவன் பல்லிடுக்கில் மல்லாட்டை இருந்தது. வாயைத் திறக்கப் பயந்து, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான்.