அளவுக்கு நின்றவர்

பெட்டியைத் தரையில் கவிழ்த்தார் தம்பிக்காரர். அதிலிருந்தும் பாறைப் படங்களே கொட்டின.

அக்கா காலையில் கண்ணை மூடிவிட்டாள். அவளுடைய சிற்பப் பட்டறையில் சிலைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவே அவளைக் கிடத்தியிருந்தார்கள். முகமோ கையோ இல்லாத சிலைகள். பாறையின் அடுக்குகளையே மறுபடி கல்லில் செதுக்குவாள். "இது என்னம்மா?" என்று யாராவது கேட்டால் "நேரம்" என்பாள். கேட்டவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். ஊர் உலகத்துப் பாறையையெல்லாம் படம் பிடித்தவளுக்குத் தன் படம் என்று ஒன்றுகூட இல்லை.

"அந்தப் பெட்டியில அம்மா இருக்காங்களா மாமா?" என்றாள் அக்காவின் மகள்.

"நான்தான் இருக்கேன் பாப்பா."

பொய்யில்லை. மலைச்சரிவு, கடலோரம், கைவிட்ட சுரங்கம், எங்கும் அவரேதான் குச்சி மாதிரி நின்றார். பாறை எவ்வளவு பெரிது என்று தெரியப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டுமாம். அரைக்கால் சட்டையில் ஆரம்பித்தவர், தொப்பை விழுந்து தலை வழுக்கையான பிறகும் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் சிநேகிதர்கள் அவரை 'அளவுகோல்' என்றே கூப்பிட்டார்கள்.

"என்னைப் பாக்காதடா, கல்லைப் பாரு. உன் முழங்கால் உயரம் மண்ணு படிய ஒரு லட்சம் வருஷம். இடுப்புக்கு மூணு லட்சம்" என்பாள் அக்கா. கழுத்துக்கு வருவதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிடும். ஆனாலும் சொன்னபடி கல்லைத்தான் பார்ப்பார்.

இப்போது அவளை நினைத்தால் குரல் வருகிறது, தூசி படிந்த விரல்கள் வருகின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமராதான் இருக்கிறது. பயந்துபோனார். நாலடி தள்ளித்தான் கிடக்கிறாள், திரும்பிப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் இந்த முகத்தைப் பார்த்தால், பேசிச் சிரித்த முகம் அடியோடு போய்விடுமோ? ஒன்றும் புரியாமல் இன்னொரு பெட்டியை இழுத்தார்.

"விடுங்க மாமா. இப்பவே ஒண்ணு எடுத்துடறேன்." மகள் கைபேசியை எடுத்தாள். "கொஞ்சம் எந்திரிங்க, வெளிச்சம் மறைக்குது."

எழுந்து நகர்ந்தார். கால் தானாகக் கொண்டுபோய் அக்காவின் பக்கத்தில் நிறுத்திவிட்டது. கைகள் தொங்கின, முதுகு நிமிர்ந்தது, கண் எதிர்ச்சுவரில் போய் நின்றது.

"மாமா, படத்துல விழறீங்க."

நகரத்தான் நினைத்தார். முடியவில்லை.

அவள் கைபேசியை இறக்கினாள்.

"சரி, அங்கயே நில்லுங்க."

"எங்க பாக்கணும்?"

"அம்மாவப் பாருங்க மாமா."

அவர் குனிந்தார். மகள் படத்தை எடுத்து முடித்து, கைபேசியைப் பையில் போட்ட பிறகும், பார்த்துக்கொண்டே நின்றார்.